பந்தியில் நின்று கேட்ட கச்சேரி

ஆவணி 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். வடகம் காயவில்லை. பத்திரிகை வைக்க இன்னும் பாக்கி: அன்னூர் சித்தி, ஆனைமலை மாமா, எதிர்வீட்டு டீச்சர். கவிதாவின் ஜாக்கெட் தைத்து வரவில்லை.

வரவேற்பன்று என்ன பாட்டு? வீட்டில் நாலு பேர், நாலு கட்சி. அவருக்கு நாதஸ்வரம் போதும், மற்றதெல்லாம் இரைச்சல். கல்யாணப் பெண் கவிதாவுக்குப் பாட்டே வேண்டாம், சிநேகிதிகளோடு பேச விட்டால் போதும். மகன் சுரேஷுக்கு அந்த இங்கிலீஷ் பாட்டுக்காரர்கள். நாலு பேருக்கும் தோள்வரை முடி. வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டே சாப்பிடுகிறான், ரசம் வேணுமா என்றால் விழுவதில்லை.

எனக்குக் குயில்தோப்பு இன்னிசைக் குழு. கல்யாணமாகிப் போத்தனூர் வந்த வருஷம் ஆனைமலைத் திருவிழாவில் கேட்டது. அதிலிருந்து பக்கத்தில் எங்கே மேடை போட்டாலும் முன்வரிசையில் நான். அவர்களுடைய ஆர்மோனியம் திருடுபோனபோது, எடுத்தவனுக்கு எரியட்டும் என்று மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்தேன். இன்றுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆர்மோனியம் கிடைக்கவில்லை. திருடன் என்ன ஆனானோ.

கவிதா தொட்டிலில் கிடக்கும்போதே முடிவு செய்தது, இவள் கல்யாணத்துக்கு அவர்கள்தான் என்று.

ஆவணி 6, ஞாயிறு

மழை இல்லை, காற்று மட்டும். வடகம் ஒருவழியாக.

பெரிய சண்டை. கவிதா கேட்டேவிட்டாள்: "அம்மா, இது என்ற கல்யாணமுங்களா, உங்க கச்சேரிங்களா?" போய் வெங்காயம் உரித்தேன்.

சாயங்காலம் அவளே வந்தாள். கச்சேரியை வைத்துக்கொள்ளச் சொன்னாள். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கிற போட்டோ ஆல்பத்தில் வேண்டாமாம். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போய் குழுவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தார். ஜெயித்துவிட்டேன்.

ஆவணி 8, செவ்வாய்

ரேடியோவில் பழைய பாட்டுகள். பதிவு செய்யலாமென்று கையில் கிடைத்த கேசட்டைப் போட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்கவே இல்லை. சுரேஷ் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். அவனுடைய இங்கிலீஷ் கேசட். சிநேகிதனின் அண்ணன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது, இங்கே கிடைக்காதாம்.

"மேல மூலையில இருக்கற பிளாஸ்டிக்கை ரெண்டு பக்கமும் ஒடைச்சுப்போட்டேனுங்க. இனி யாரு அமுக்குனாலும் அதை அழிக்க முடியாது."

சாமி படமா அது, இந்தப் பாடு படுகிறாயே என்று திட்டினேன். சட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டு போனான். ஆர்மோனியம் போனபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பாத்திரம் கழுவும்போது தோன்றியது.

ஆவணி 14, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கால் வீக்கம். தொலைந்தவை: ஒரு தாம்பாளம், சம்பந்தியம்மாவின் செருப்பு.

சனிக்கிழமை வரவேற்பை எழுதிவிடுகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருந்தேன். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்த சுரேஷை, இங்கேயுமா என்று ஒரு அதட்டல். உட்கார்ந்தேன். சாமி பாட்டில் இரண்டு வரி. அதற்குள் சமையல்காரர் வந்தார். "ஏனுங் அம்முணி, சந்தகை தீரப்போகுதுங்க."

எழுந்தவள்தான். இன்னொரு ஈடு சந்தகை பிழிய ஆள், மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குச் சர்க்கரை போடாத பால், ஈரோட்டுக்காரர்களுக்கு இலை, தாம்பூலப் பை. பெண்ணைப் பெற்றவள் பந்தியில்தான் நிற்கவேண்டும். இத்தனை கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேனே, எந்தப் பெண்ணின் அம்மாவாவது என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டாளா? எனக்கு உறைக்கவே இல்லை. கவிதாவிடம் சண்டை போட்டு வாங்கிய கச்சேரி. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து டிரம் சத்தம் மட்டும் வந்தது.

என் நாற்காலியில் அவர். பக்கத்தில் சம்பந்தி இருந்ததால் எழுந்திருக்க வழியில்லை, முழுக் கச்சேரியும் கேட்டார். நான் கை கழுவிக்கொண்டு வந்தபோது வயர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் இல்லாமல் மேடையே வெறிச்சென்று இருந்ததாகப் பாடுகிற அம்மா சொன்னார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். பிறகு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஆவணி 16, புதன்

நல்ல வெயில். கொடியில் கவிதாவின் துண்டு, எடுத்துப்போகவில்லை. சுரேஷ் காலேஜ். அவர் டூட்டிக்கு.

டேப்புக்கு மேல் ஒரு கேசட். அதேதான், பெங்களூர் கேசட். இங்கிலீஷ் பெயரை அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதியிருக்கிறான். மேல் மூலையில் உடைத்த இரண்டு ஓட்டையையும் செலோ டேப் ஒட்டி மூடியிருக்கிறான்.

போட்டேன். நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமுவது, அப்புறம் சாமி பாட்டு. நான் விட்டுப்போன மூன்றாவது வரி.

இரண்டு பாட்டுக்கு நடுவே அவர் குரல், சம்பந்தியிடம்: "இந்த அம்மா பாட்டைக் கேக்கத்தானுங்க எங்கூட்டுக்காரி ஊரூராப் போறது. கேக்கற மாதிரித்தான் இருக்குதுங்க."

உலை வைக்கவில்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மங்களம், கைதட்டல், ஒரு டக். உடனே அந்த நாலு இங்கிலீஷ் பாட்டுக்காரர்கள். மறுபக்கத்தின் கடைசியில் அழியாமல் தப்பித்த துண்டு. சுரேஷுக்கு இனி இருப்பது இவ்வளவுதான்.

வழக்கமாக ஓடிப்போய் அணைப்பேன். இன்று உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. டிரம்காரன் நன்றாக வாசிக்கிறான்.