நலமாகிவிட்டாய் போலிருக்கிறது

உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் இருந்தது. இன்று காலை பட்டறையில் மெயிலைத் திறந்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நம்மிடம் தோல் பை வாங்கும் வெளிநாட்டு அம்மா இதுவரை அப்படி எதுவும் போட்டதில்லை. அதற்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. ‘காய்ச்சல் சரியாகி நலமாகிவிட்டாய் போலிருக்கிறது. உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.’

நீ இறந்து ஒரு மாதம் ஆகிறது.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, நூல் பிசிறு வெட்ட வந்தவள் நான். வாய் திறக்காத என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்து உட்கார வைத்தது நீதான். முதல் மெயிலில், சரக்கு வெள்ளிக்கிழமை ‘டெஃபினெட்லி’ வந்துவிடும் என்று எழுதினேன். நீ சிரித்தாய்.

“ஏட்டி, மழைக்கு சயான் ரோட்டுல தண்ணி நின்னா டெம்போவ உங்கப்பாவா தூக்கிட்டுப் போவாரு? ‘ஷுட் ரீச்’னு போடு.”

அடுத்ததில் பயந்துபோய் ‘பெர்ஹாப்ஸ்’, ‘மே’, ‘பாஸிப்ளி’ எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைத்தேன்.

“இது என்னடி, பொண்ணு பாத்துட்டுப் போனவன் சொல்ற பதில் மாதிரி இருக்கு? ஒரு வரிக்கு ஒரு சந்தேகம் போதும்.”

நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது, போனில் சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்கு எழுதினேன். ‘காய்ச்சல். ஐ மே பி அவே ஃபார் எ ஃபியூ டேஸ்.’

“எந்திரிக்கவே முடியல, இதுல ‘மே’ எதுக்கு?” என்றேன்.

“நாளைக்கே வந்து நின்னுட்டேன்னா?”

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்றார்கள். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. முடியவில்லை.

அந்த வாரமே பட்டறை முதலாளி அண்ணாச்சி என்னை உன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். “கொஞ்ச நாளைக்கு அவ பேர்லயே போடு புள்ள. புதுப் பேரு வந்தா பார்ட்டி யோசிக்கும். ஆர்டர் போச்சுன்னா மேல தைக்கிறவங்கள நான் என்ன செய்ய?”

மேலே மாடியில் தைப்பவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. எழுதினேன். ‘வீ பிலீவ்’ எங்கே வரும், ‘இட் சீம்ஸ்’ எங்கே வரும் என்று உன்னைப்போலவே யோசித்து யோசித்து எழுதினேன். எழுதும்போதெல்லாம் நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. அதனால் ஒவ்வொரு மெயிலையும் இன்னும் நன்றாக எழுதினேன். அப்படி எழுதித்தான் எங்கோ ஒரு ஊரில் உன்னைக் காய்ச்சல் தெளிந்து எழுந்து உட்கார வைத்திருக்கிறேன். இன்று அந்த அம்மா சந்தோஷமாக இருக்கிறாள்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “என்ன சொல்லுது பார்ட்டி?”

“எனக்கு... அவளுக்குக் காய்ச்சல் சரியாயிட்டு போலன்னு எழுதியிருக்காங்க.”

“கொஞ்சம் பரவால்லன்னு போடு. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நீ இறந்துவிட்டாய் என்று எழுதினேன். இந்த மாதம் முழுக்க எழுதியது நான் என்று எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.