கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டு

அன்பு மகளுக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், மனசுதான் சரியில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் என்றாயே, காதை மூடாமல் வெளியே போகாதே. வரி ஏறி இறங்கியிருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள்.

உன் தம்பி நம் மருந்துக்கடையை விற்கப் பார்க்கிறான். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் என் காதில் பூ சுற்ற முடியுமா? போன வாரம் ஒருவன் அளவு நாடாவோடு வந்து அலமாரியை நீளவாக்கில் அளந்தான். நான் நுழைந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். யாரடா என்றால் "ஒண்ணுமில்லப்பா, தெரிஞ்சவர்தான்" என்று மழுப்புகிறான். அடுத்து மருமகள் ஒவ்வொரு தட்டிலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுகிறாள். நம் கடைக்கு எழுத்து எதற்கு? என் தாத்தா அலமாரியை ஓர் ஆள் நிற்பதுபோல அல்லவா அடுக்கி வைத்தார், தலைவலி மருந்து உச்சியில், அடுத்த தட்டின் நடுவில் கண், அதே தட்டின் இரண்டு ஓரத்திலும் காது, அப்படியே இறங்கி முழங்கால் தைலம் அடியில். அப்பாவும் நானும் பெயரைப் படித்தா எடுத்தோம், கை தானாகப் போகும். ஆக, எழுத்து நமக்கில்லை, கடையை வாங்கப்போகும் புது ஆளுக்கு. போதாததற்கு நான் எடுத்துக் கொடுப்பதை மருமகள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறாள். என் கடையில் எனக்கே காவல்!

நேற்று அவள் சாப்பிடப் போன நேரம் தையல்காரர் கண் உறுத்துகிறது என்று வந்தார். எடுத்துக் கொடுத்தேன், என்மேல் உள்ள நம்பிக்கையில் பார்க்காமலே வாங்கிப் போனார். திரும்பி வந்தவளிடம் தையல்காரருக்குக் கண் மருந்து கொடுத்ததைச் சொன்னேன், அலமாரியைப் பார்த்தாள், செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று எனக்குக் கொதித்தது. மூச்சிரைக்க வந்து பாட்டிலை என் கையில் வைத்து "அவர் இன்னும் ஊத்தல மாமா" என்றாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் அதில் எழுதியிருந்ததை என்னால் படிக்க முடியவில்லை. பாட்டில் எடுத்த இடம் மட்டும் தட்டில் காலியாக இருந்தது. அதன் கீழே அவள் ஒட்டிய எழுத்து தெளிவாகத் தெரிந்தது, காது என்று.

இன்று காலை அந்த நாடாக்காரன் வந்து அலமாரி நெடுக விளக்கு மாட்டிவிட்டுப் போனான். உன் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் "கடைய யாருப்பா விக்கப்போறா, நீங்க நிக்கணும்னுதான் இவ்வளவும்" என்றான். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. அந்த மனிதர் கண்ணில் ஊற்றியிருந்தால்?

இப்போது என் சந்தேகம் உன்மேல். போனில் ஒவ்வொரு முறையும் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாயே, அது சும்மா கேட்டதில்லை. எல்லோரும் கூடிப் பேசித்தான் செய்திருக்கிறீர்கள். எப்போதிலிருந்து தெரியும் என்று ஒளிக்காமல் எழுது.

குழந்தைக்கு என் முத்தம். ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, பதிலைக் கொட்டை எழுத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா