பின்கதவில் சிக்கிய மாலை

1986 அக்டோபர் 14, செவ்வாய்

டிரைவர் வேலை போய்விட்டது. காலையில் மேனேஜரைப் பெங்களூரில் விமானம் ஏற்றிவிட வேண்டியிருந்தது. பேட்டரி செத்துப்போய் கார் கிளம்பவே இல்லை. "உள்ளே லைட்டை எரியவிட்டுட்டுப் போயிருக்க. நாளையிலிருந்து வராத" என்றார். எல்லாம் அணைத்துவிட்டுத்தான் போனேன் என்று எத்தனை முறை சொல்வது?

மனசு கேட்காமல் ஷெட்டிலேயே நின்றேன். சாயந்தரம்தான் எலக்ட்ரீஷியன் முனிராஜ் வந்து பின்கதவைக் காட்டினான். ஆயுத பூஜைக்குக் கைப்பிடியில் கட்டிய சாமந்தி மாலையின் நுனி இடுக்கில் சிக்கி, கதவு முழுசாக மூடவில்லை. "கதவு நல்லா மூடினாத்தான்ணா இந்தக் குமிழ் அமுங்கும், லைட் அணையும். லீவு ரெண்டு நாளும் கார் மேல போட்ட படுதாவுக்குள்ள எரிஞ்சிருக்கு."

மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம். மாலையைக் கட்டியது யார் என்று கேட்பார்.

என் மனைவி மல்லிகா. பூஜைக்கு ஷெட்டுக்கு வந்தவள், இந்த வருஷமாவது எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே கட்டினாள். நான்தான் கதவைச் சாத்தினேன்.

அவளிடம் வேலை போனதை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சோறு போட்டுக்கொண்டே, "வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாலை சாத்தலாங்க. இந்தத் தடவை பெரிசா வாங்கிக்கலாம்" என்றாள்.

சரி என்றேன்.