பசியாறியாச்சா, மக்களே?

பாலோ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரூபனுக்கு,

மலர் எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை, நேற்று நீங்கள் சேனலில் போட்ட வீடியோவில் பார்த்தேன். உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பனியில் போகிறவர் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளக் கூடாதா? இங்கே நானும் உங்கள் அம்மாவும் இருக்கிறோம்.

நாடு நாடாக நீங்கள் ஓட்டிக்கொண்டு போகிற மோட்டார் சைக்கிள் பிஷ்கெக்கில் பழுதாகி நிற்கிறது என்றும், பட்டறை விஜயன் சாமான் அனுப்புகிறார் என்றும் தெரிந்தது. அந்தப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். போனில் அனுப்பப் பயமாக இருக்கிறது. போன தடவை நான் அழுதுகொண்டே பேசி அனுப்பியதை, "உங்க அண்ணியோட குரலைக் கேளுங்க மக்களே" என்று வீடியோவில் போட்டுவிட்டீர்கள். மறுநாள் நான் வேலை செய்யும் கிளினிக்கில் மருந்து வாங்க வந்த, தமிழே தெரியாத சீனத்து ஆண்ட்டிகூட என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் தாளையாவது கேமராவுக்குக் காட்டாதீர்கள்.

நான் அங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். "நீ வந்தா சேனல் எங்கயோ போயிரும் லா, அங்க என்ன இருக்கு, நேத்தும் இன்னிக்கும் ஒன்னுதானே" என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றுதான். காலையில் கிளினிக், மாலையில் மழை, காயாத துணி, நம் ஊரில் நிற்காமல் போகிற ரயில். எனக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்பது ஒரு குறை என்று நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

குளுவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வருவீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டில் நின்று, "பசியாறியாச்சா, மலரு?" என்பீர்கள். நான் "இன்னும் இல்ல" என்பேன். பல நாள் அது பொய். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்வேன். அப்போதுதான் தேத்தண்ணி கலக்கி, பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் உங்களுக்குச் சலித்துக்கொண்டிருந்தது என்பதை வீடியோவில் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறீர்கள். "வணக்கம் மக்களே, பசியாறியாச்சா?" சட்டையில் அச்சடித்து விற்கிறீர்கள். நாசி லெமாக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்குச் சோறு வாங்கவே மறந்துவிட்டது.

அத்தையின் விஷயத்தை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எங்கேயோ போய்விட்டேன். அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீடியோவைப் போட்டால், நீங்கள் போனுக்குள் இருந்து பேசுவது அவருக்குப் புரியவில்லை, எதிரில் இருந்து பேசுவதாக நினைக்கிறார். "பசியாறியாச்சா?" என்று நீங்கள் கேட்டால், "இன்னும் இல்லய்யா, நீ வா, சேந்து சாப்புடலாம்" என்கிறார். உடனே நீங்கள் வழக்கம்போல, "சரி, வாங்க போலாம்!" என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விடுகிறீர்கள். செவ்வாய்க்கிழமை அதைக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார். ரயில் நிலையம் வரை போனவரைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். அன்றிலிருந்து சோற்றைத் தொட மாட்டேன் என்கிறார். "எம் மவன் கேட்டான்ல, வந்துருவான், இரு" என்று தட்டை நகர்த்தி வைக்கிறார். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினால் துப்பிவிடுகிறார். டாக்டர் பிடி கொடுத்தே பேச மாட்டேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தையைச் சாக்காக வைத்து வர மறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவரைக் கோத்தா திங்கியில் உங்கள் அக்காவிடம் விடலாம் என்கிறீர்கள். விட்டாலும் வர மாட்டேன். பனியில் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வராது. உங்களைத் திரும்பி வாருங்கள் என்றும் கேட்க முடியவில்லை. போன தீபாவளிக்கு வந்தீர்கள். வீடியோ எடுக்கும்போது அப்படிச் சிரித்தீர்கள், கேமராவை அணைத்ததும் முகம் விழுந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து, சுத்தமாக இருந்த வண்டிச் செயினையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே இருந்து பார்த்தேன். நான் அங்கே வந்தால் எனக்கு மூச்சு முட்டும், நீங்கள் இங்கே இருந்தால் உங்களுக்கு. எவ்வளவு யோசித்தாலும் இதற்கு வழி தெரியவில்லை, ரூபன். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும், கேமராவை அணைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். முதலில் அத்தையிடம் பேசுங்கள். கேள்வி கேட்காதீர்கள். "நான் வர நேரமாகும், நீங்க சாப்புடுங்கம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

அதற்குப் பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "பசியாறியாச்சா, மலரு?" என்று கேளுங்கள். "மக்களே" வேண்டாம், "மலரு" என்றே கேளுங்கள். "ஆச்சு" என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாகக் கிளம்பலாம். அதுவும் பொய்தான் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

சாலையில் லாரிகளைப் பார்த்துப் போங்கள். முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
மலர்