தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறீர்கள் என்று உங்கள் மாப்பிள்ளை போனில் சொன்னார். கேட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இங்கே நானும் பெண்ணும் சௌக்கியம். அவளுக்கு வேலையில் இடம் மாற்றிவிட்டார்கள். பஸ் மாறிப் பஸ் ஏறி, முணுமுணுத்துக்கொண்டே போய் வருகிறாள்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். 'கூடப் பொறந்தவ காலைக் கிழிச்சுப் போட்டுக் கிடக்கேன், எட்டிப் பாக்க அவனுக்கு நேரமில்லையா' என்று நீங்கள் கேட்டது என் காதுக்கும் வந்தது. நியாயமான கேள்விதான். வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று உங்கள் தம்பி சொன்னது பொய் அண்ணி. டிக்கெட் எடுத்தார், ரத்து செய்தார். மறுபடி எடுத்தார், மறுபடி ரத்து செய்தார். காரணத்தை உங்களிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில், எல்லோரும் காத்திருக்கிற கூடத்தில் அவர் செய்து வைத்த பெரிய மீன் தொட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டறை போட்ட புதிதில், கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் என்றால் குழந்தைகள் முட்டினாலும் உடையாது என்று சொல்லி, தன் கையால் ஒட்டிச் செய்தது. நம் பெண்ணுக்கு ஜுரத்தில் வலிப்பு வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பாற்றிய டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி அது. அவர் பேச்சு என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அந்த டாக்டரம்மா கொஞ்ச நாள் முன்பு இவரைக் கூப்பிட்டு, தொட்டி பழசாகிவிட்டது, வைத்திருக்கலாமா, மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இவர் டார்ச்சும் ஒரு நூல்கண்டும் எடுத்துக்கொண்டு போனார். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் பலகைக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல் கோடுகள். செய்து வைத்தபோதே ஈரத் துணியால் மட்டும் துடைக்கச் சொல்லியிருந்தார். ஆள் மாறி ஆள் வந்ததில் அந்தப் பேச்சு போய்விட்டது, ஊசி போடும்போது தடவுகிற ஸ்பிரிட்டால் தினமும் துடைத்திருக்கிறார்கள். அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் ஆகவே ஆகாதாம். முன்பக்கத்தில் நூலை இழுத்துப் பிடித்தால் தொட்டிக்குத் தொப்பை விழுந்திருப்பது தெரிந்தது. கீழ் மூலையில் ஒட்டு வெளுத்துப் பால் நிறமாகியிருந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது என்ன தெரியுமா? வந்திருந்த பெற்றவர்கள் எல்லோருக்கும் முன்னால் டாக்டரம்மா, 'இவர் கையால செஞ்சது, இவர்தான் சொல்லணும்' என்றிருக்கிறார். இவர் உடனே, 'அதுக்கென்ன டாக்டரம்மா, அஞ்சு வருஷத்துக்கு அசையாது' என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் பிறகு கேட்டதற்கு, 'வாயில வந்துருச்சு' என்றார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. தினமும் காலையில் ஆஸ்பத்திரி திறக்கும்போதே போய்விடுவார். மோட்டார் பார்க்கிறேன், பாசி எடுக்கிறேன் என்று ஏதாவது சாக்கு. பிறகு தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தைகள் 'மீன் மாமா' என்று பெயர் வைத்துவிட்டன. டோக்கன் கொடுக்கிற பெண், 'மாமா, உங்களுக்கும் ஒரு நம்பர் போடட்டுமா' என்று கேலி செய்கிறாளாம். உங்கள் ஊருக்குக் கிளம்பச் சொன்னால், 'நான் அந்தப் பக்கம் போற அன்னைக்குத்தான் அது பிளக்கும்' என்பார்.

போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். 'இப்ப சொன்னா, இத்தனை நாள் ஏன் புள்ளைங்களை அங்க உக்கார விட்டேன்னு கேப்பாங்களே' என்றார். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகப் போக, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. உள்ளே நுழைந்த வழி அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டே வந்த மாதிரி.

போன வாரம் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொண்டு போனேன். தொட்டியை ஒட்டிக் கீழே புதிதாக மெத்தை விரித்து, பொம்மைகள் போட்டிருந்தார்கள். இவர் கொடுத்த தைரியத்தில் டாக்டரம்மா செய்த ஏற்பாடு. நிற்கப் பழகுகிற குழந்தை ஒன்று இரண்டு கையாலும் அந்தப் பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. உங்கள் தம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றார். அவ்வளவு தண்ணீரை அந்தக் கையால் எப்படிப் பிடிப்பார் அண்ணி?

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி டாக்டரம்மா அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, 'அவருக்கு இது தெரியுமா' என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே கூடத்தைக் காலி செய்ய வைத்தார். மத்தியானத்துக்குள் மீன்களை டப்களுக்கு மாற்றி, குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தான். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பட்டறைக்காரர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, 'நாளைக்கே பிளக்கலாம், பத்து வருஷம் நிக்கவும் நிக்கலாம். யாராலயும் உறுதி சொல்ல முடியாது. இறக்கினது நல்லது' என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. 'தெரிஞ்சேவா தினமும் இங்க உக்காந்திருந்தீங்க' என்று கேட்டார். இவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

இனி விடுதலை, மறுநாளே உங்களைப் பார்க்க பஸ் ஏறிவிடுவார் என்று நான் நினைத்தேன். எங்கே? பட்டறையைத் திறக்கவில்லை. வாசல் தாண்டவில்லை. வேலை கேட்டு யார் கூப்பிட்டாலும், 'இப்ப செய்யறதில்ல' என்கிறார். என்னிடம் பேசுவது சோறு, சாவி, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, முகத்தைப் பார்க்காமல், 'நாளைக்கு நானே சொல்றதாத்தான் இருந்தேன்' என்றார். எத்தனை 'நாளைக்கு' என்று கேட்க வாய் வரை வந்தது. கையைப் பிடித்து அவரையும் அந்த அறைக்குள் அழைத்துப் போயிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பாரா? தெரியவில்லை. துணி துவைக்கும்போதும் அதே யோசனை, அடுப்படியிலும் அதே யோசனை.

அண்ணி, நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். போன் போட்டு, எப்போதும் திட்டுகிற மாதிரி திட்டி, 'கிளம்பி வாடா' என்று சொல்லுங்கள். உங்கள் அதட்டலுக்கு அவர் எழுந்திருப்பார். பஸ் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. அங்கே கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடக்கட்டும்.

உங்கள் கால் சீக்கிரம் பழையபடி ஆக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவர் அங்கே இருக்கும்போது என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், திட்டாக இருந்தாலும் சரி, எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி