எந்தக் கிளப்பு, சாமி?

திருவள்ளூர்
சௌமிய வருஷம், ஆவணி, புதன்கிழமை

சிரஞ்சீவி தேவராஜனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. வீரராகவன் கிருபையில் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. கல்கத்தாவுக்குப் போய் இத்தனை நாளில் நீ எழுதியதிலேயே நீளமான கடிதம். திரும்பத் திரும்பப் படித்ததில் மடிப்பு கிழிந்ததுதான் மிச்சம். உங்கள் கம்பெனி டீம் ரக்பிப் போட்டிக்காக மெட்ராஸ் வருகிறது, சனிக்கிழமை மத்தியானம் உனக்கு ஆட்டம், செவ்வாய் சாயங்கால வண்டியில் திரும்புகிறாய். இவ்வளவு புரிந்தது. ரக்பி என்றால் என்ன என்பதுதான் புரியவில்லை. தெரியாததைத் தெருவில் போய்க் கேட்டது என் தப்பு. நான் கேட்டது ரக்பி. சந்நிதித் தெரு முனையைத் தாண்டுவதற்குள் அது ராபரி ஆகிவிட்டது. தேவராஜனை ராபரி கேஸில் பிடித்து மெட்ராஸுக்குக் கொண்டு வருகிறார்களாமே, ஜாமீனுக்கு ஆள் வேண்டுமா என்று ராமபத்ரன் வீட்டுக்கே வந்து துக்கம் விசாரித்தார். காபி கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் அடுத்த வீட்டுத் துளசிராமன்தான் விளக்கினான். அவன்தான் தினமும் ரயிலேறி மெட்ராஸ் ஆபீஸுக்குப் போய் வருகிறவனாயிற்றே. பந்து முட்டை மாதிரி இருக்குமாம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமாம். ஆனால் முன்னால் இருப்பவனிடம் எறியக்கூடாது, பின்னால் இருப்பவனிடம்தான் எறிய வேண்டுமாம். முன்னேறுவதற்காகப் பின்னால் எறிவது! நம் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவதுதான், அதற்குக் கப் கொடுப்பார்கள் என்று தெரியாமல் போயிற்று. நீ முதல் வரிசையில் தோள் கொடுத்து முட்டுகிறவன் என்று எழுதியிருக்கிறாய். இங்கே பெருமாள் பல்லக்கின் தண்டுக்குத் தோள் பற்றாமல் என் போன்ற தொந்திகள் தாங்கிக்கொண்டிருக்கிறோம். போகட்டும்.

நாங்கள் மெட்ராஸ் வந்தால் ஆட்டத்தைப் பார்க்கலாம், கல்கத்தாவிலிருந்து இருவரும் வருகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அந்த ‘இருவரும்’ என்ற இடம் வந்ததும் உன் அம்மா கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நீ விக்டோரியாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாள்முதல் இந்த வீட்டில் அந்தப் பெயருக்குத் தடை என்பது உனக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பெண் சரித்திரப் பாடத்தை உரக்கப் படித்தால்கூட உன் அம்மா ஹேமாம்புஜம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

ஆகவே அவள் வரமாட்டாள் என்று எண்ணி எனக்கு மட்டும் வேஷ்டி எடுத்து வைத்தேன். ராத்திரி மோர் ஊற்றும்போது, “மெட்ராஸ்ல தண்ணி எப்படி இருக்கும்?” என்றாள். உப்பு என்றேன். “அப்ப கூஜாவை எடுத்துக்கணும்” என்றாள். மறுநாள் காலையில் நான் எங்கும் வரப்போவதில்லை என்றாள். மத்தியானம் பூசணிக்காய் வாங்கிவரச் சொன்னாள். பூசணிக்காய் அல்வாவாகிக்கொண்டிருக்கும்போது, “வடக்கத்திப் பக்கம் வளர்ந்தவா தித்திப்பு நிறையச் சாப்பிடுவாளோ?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுவர் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், இவள் வருகிறாளா இல்லையா, வந்தால் எதற்கு வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு குழப்பம். கிளப் வாசலில் வந்து என் பெயரைச் சொல்லுங்கள், உள்ளே விடுவார்கள், சென்ட்ரலுக்குப் பக்கம்தான் என்று எழுதியிருக்கிறாய். கிளப்பில் எப்படியப்பா பந்தாட்டம்? இட்லிக்கும் காபிக்கும் நடுவிலா? பெரிய பட்டணம், பின்கட்டில் மைதானம் இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். கிளப்பில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடமாட்டேன் என்று உன் அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். புளியோதரையும் தயிர்சாதமும் கையோடு வருகின்றன.

அமாவாசை தவறாமல் மெட்ராஸே கிளம்பி நம் குளத்துக்கு வருகிறது, நாம் எதற்கு அங்கே போக வேண்டும் என்று இத்தனை காலம் வீறாப்புப் பேசினேன். உண்மையில் பயம். நாங்கள் இருவரும் சேர்ந்து போகும் முதல் பட்டணப் பயணம் இது. வாசலிலேயே நின்றுகொண்டிரு.

அநேக ஆசிகளுடன்,
ஸம்பத்குமார்


திருவள்ளூர்
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி தேவராஜனுக்கு அப்பா எழுதுவது.

க்ஷேம விசாரணையெல்லாம் பிறகு. இதைத் துளசிராமன் நாளைக் காலை உன் கையிலேயே கொடுப்பான். நேற்று நாங்கள் வராமல் இருக்கவில்லை. வந்தோம். மனசு வரவில்லை, அம்மா தடுத்துவிட்டாள் என்றெல்லாம் நீ எண்ணியிருப்பாய், உன் பக்கத்தில் நின்றவளும் எண்ணியிருப்பாள். அப்படி நினைத்துக்கொண்டே நீங்கள் வண்டியேறிவிடக்கூடாது என்றுதான் இந்த அவசரம்.

சென்ட்ரலில் இறங்கியதும் ரிக்‌ஷாக்காரரிடம் கிளப்புக்குப் போக வேண்டும் என்றேன். “எந்தக் கிளப்பு, சாமி? மெட்ராஸ் பூரா கிளப்புதான் கீது” என்றார். பக்கத்தில் இருப்பது, பின்னால் இடம் விசாலமாக இருக்கும் என்றேன். “அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா, குந்து” என்று ஒரு பிராமணாள் காபி கிளப் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அவர் மேல் தப்பில்லை. நான் கேட்டதும் அதைத்தானே!

கல்லாவில் இருந்தவரிடம் தேவராஜன் பெயரைச் சொன்னேன். ஓ, உள்ளேதான் இருக்கார் என்று குரல் கொடுத்தார். உன் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அல்வாத் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஜல்லிக்கரண்டியோடு ஒருத்தர் வந்து, “நான்தான் தேவராஜன், இன்னா வோணும்?” என்றார். பஜ்ஜி மாஸ்டர்! நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. ரக்பி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அது நேத்தே தீர்ந்துபோச்சு, ரவா லட்டு தரட்டுமா என்றார்.

அந்தக் கிளப்பில் ஆட்டமே இல்லை என்று தெரிந்த பிறகும், நீ எங்களைத் தேடிக்கொண்டு அங்கே வருவாய் என்று உட்கார்ந்திருந்தோம். எங்கே போய் யாரைக் கேட்பது என்று புரியவில்லை. வெளியே வந்தால் வண்டிகள், சத்தம், எல்லாத் தெருவும் ஒரே தெரு மாதிரி இருந்தது. முதலாளி நல்ல மனுஷர், பொம்பளைகள் உட்காரும் அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டார். உன் அம்மா வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். உயரமாக எவன் நுழைந்தாலும் எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். புளியோதரையை நான் மட்டும் சாப்பிட்டேன், எனக்கு வெட்கம் கிடையாது.

சாயங்காலம் ரயிலடியில் துளசிராமனைப் பார்த்துக் கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். “மாமா, அது காபி கிளப் இல்லை மாமா! பெரிய மனுஷா எல்லாம் டென்னிஸ் ஆடி, சீட்டாடற கிளப்! தீவு மைதானத்துப் பக்கம் இருக்கு” என்றான். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நடந்தே போயிருக்கலாமாம். வண்டி நகர்ந்த பிறகும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிரில் உன் அம்மா மடியில் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நாளை அமாவாசை. ஊரே குளத்தங்கரையில் நிற்கும், பல்லக்குத் தண்டை விட்டுவிட்டு நான் நகர முடியாது. ஆகவே செவ்வாய்க்கிழமை சென்ட்ரலுக்கே போய் உங்களை வழியனுப்புவோம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். சரி, மனசு பழையபடி திரும்பிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். சற்று நேரம் கழித்து, “செங்கமலத்தைப் பார்த்து நாளாச்சு, செவ்வாக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போயிட்டு வரலாமா?” என்றாள். உன் தங்கை போன மாதம்தானே வந்து போனாள்? மாப்பிள்ளை அங்கே இரும்புக் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, ஊரெல்லாம் கரித்தூள் என்று இவள் இதுவரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “கல்கத்தா வண்டி அந்த வழியாத்தானே போறது?” என்று அவளே கேட்டாள். அப்போதுதான் உறைத்தது.

அங்கே மெயில் நிற்காதேடி, சென்ட்ரலில் என்றால் நின்று நாலு வார்த்தை பேசலாமே என்றேன்.

“அதான். சென்ட்ரல்ல வண்டி நிக்கும்” என்றாள்.

இதற்குமேல் நான் கேட்கவில்லை. நிற்கிற வண்டியின் முன்னால் ஏதாவது பேசியாக வேண்டும். அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது, எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஓடுகிற வண்டியை நின்று பார்த்துவிடலாம்.

செவ்வாய் சாயங்காலம் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் நாங்கள் இருப்போம். பொழுது சாய்வதற்குள் வண்டி கடந்துவிடும் என்று துளசிராமன் சொல்கிறான். அல்வாவைத் தெருவில் ஒருவருக்கும் கொடுக்காமல் எடுத்துவைத்திருக்கிறாள். ஓடுகிற வண்டியில் அதை எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன், தூக்கின் மூடியை இன்னும் அழுத்தி மூடினாள். அதனால் துளசிராமனிடமே கொடுத்தனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். மறுக்கவில்லை, தூக்கு மட்டும் திரும்பி வர வேண்டும் என்றாள்.

தேவராஜா, ஸ்டேஷன் வரும் முன்பே இருவரும் எழுந்து வந்து பிளாட்பாரத்துப் பக்கத்து வாசலில் நில்லுங்கள். உன் அம்மா உன்னைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள், உனக்காக அவள் அவ்வளவு தூரம் வரவில்லை. விக்டோரியாவை முன்னால் நிறுத்திவிட்டு நீ பின்னால் நில். கம்பியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். இருவரும் பல்லாண்டு நன்றாயிருங்கள்.

உங்கள் இருவருக்கும் அப்பா,
ஸம்பத்குமார்