நீ ஏற்றுக்கொண்ட தாளப் பிழை

இன்று காலை திருப்பதியில், சங்கீத விழா மேடைக்குப் பின்னால், எனக்கு வாசிக்க வந்த மிருதங்கக்காரர் இடந்தலைத் தோலில் ஒட்டுவதற்கு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த ஈர ரவை வாசனை மூக்கில் பட்டதும் எனக்குத் தம்பூரா கூடக் காதில் விழவில்லை. நீ போய்ப் பத்து மாதமாகிறது.

நீ பிசைந்தால் பாதி ரவை உன் புடவையில்தான் இருக்கும். கேட்டால், ஊட்ல உப்புமா கிண்ட நேரமில்ல, இங்கயாவது கிண்டறேன் என்பாய். கங்காதர நெல்லூரில் பால் கறந்து ஊற்றிவிட்டு பஸ் ஏறி வருவாய். மிருதங்கத்தைப் பார்த்துவிட்டு, வாசிக்கிறவர் வரலையா என்று கண்டக்டர் கேட்பார். நீ அதற்கும் ஒரு சீட் பிடித்துக்கொள்வாய்.

ஆறு வருஷத்துக்கு முன் இதே விழாவில் நமக்குக் காலைக் கச்சேரி. எதிரில் இருபது பேர் இருந்திருப்பார்கள். அடுத்த வருஷமும் மாலைக் கச்சேரிக்குக் கூப்பிடாவிட்டால் பாட்டையே விட்டுவிடுகிறேன் என்று பலமனேரில் என் வீட்டுக்காரரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அது உனக்கும் தெரியும்.

அன்று பாடிய ஒரு பாட்டில் பல்லவியைத் தாளம் விழுந்து அரை இடம் தள்ளித்தான் எடுக்க வேண்டும். ஸ்வரம் பாடிய மயக்கத்தில் நான் தட்டின் மேலேயே எடுத்துத் தொலைத்தேன். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விழாக் காரியதரிசியின் கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். நீ என்னைப் பார்த்து, "பாடிக்கினே போ" என்று உதட்டை மட்டும் அசைத்தாய். உன் வாசிப்பை என் பக்கம் திருப்பி, யார் தப்பியது என்றே தெரியாதபடி ஒரு முத்தாய்ப்பு வைத்து என்னைச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்த்தாய்.

கச்சேரி முடிந்ததும் காரியதரிசி வந்து, தாளம் எங்கே போனது என்று தெலுங்கில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், என் கைதான் நழுவிடுச்சு சார் என்றாய். நானும் சும்மா நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மாலைக் கச்சேரி வந்தது, வேறொருவர் மிருதங்கத்தோடு. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எனக்காகத் தாளம் போட்டாய். உன்னைக் கூப்பிடாத அந்தக் காரியதரிசியை நான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று அவரே மேடைக்குப் பின்னால் காபியோடு வந்தார். என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்குத் தப்பியது நான், நீங்கள் அவளைத் தண்டித்துவிட்டீர்கள் என்று படபடவென்று கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உன்னையும்தான் கூப்பிட்டாராம். நீதான் வரமாட்டேன் என்றாயாம். நீ சொன்னதை அப்படியே தமிழில் சொன்னார்:

"நான் வந்து நல்லா வாசிச்சுட்டா, அன்னிக்குத் தப்புனது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சார். வேற ஆளப் போடுங்க."

காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அடிப்பாவி, ஒரு வார்த்தை சொன்னாயா என்னிடம்? இந்த ஆறு வருஷத்தில் நான் பாடிய ஒவ்வொரு பாட்டும் நீ கொடுத்ததல்லவா?

மேடையேறியதும் பாட்டுக்கு முன்னாலேயே மைக்கில் உன் பெயரைச் சொன்னேன். அன்று தாளம் தப்பியவள் நான், அவள் கை ஒருநாளும் நழுவியதில்லை என்றேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு நீ யாரென்றே தெரியாது. ஆனாலும் சொன்னேன். இனி எங்கே பாடினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவேன். நீ இருந்தால் வாயை மூடுடி என்று திட்டியிருப்பாய். திட்டுவதற்கு நீ இல்லையே.